ஊஞ்சலை மேலிருந்து கீழாக வரைதல்

மேசையையோ நாற்காலியையோ வடிவமைப்பவர் தரையிலிருந்து கணக்கைத் தொடங்கலாம். கால் எவ்வளவு உயரம், கால்களைப் பிணைக்கும் சட்டம் எவ்வளவு அகலம், அதன்மேல் பலகை எவ்வளவு கனம் என்று வரைபடம் கீழிருந்து மேலாக வளரும். ஊஞ்சலுக்கு அந்த வழி உதவாது. அதன் பாரம் முழுவதும் கூரையைப் போய்ச் சேர்வதால், கொக்கி எங்கே வர வேண்டும், கூரை எவ்வளவு உயரம், சங்கிலி எத்தனை அடி ஆகிய மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் பலகையைப் பற்றி யோசிக்கவே முடியும். வீட்டில் மாடி எடுத்துக் கட்டியபோது கூடத்துக்கு ஓர் ஊஞ்சல் வேண்டுமென்று தீர்மானித்தோம். கடையில் பளபளவென்று தொங்கும் ஒன்றை வாங்கி வருவதை விட, நானே வரைந்து எங்கள் ஊர்த் தச்சரைக் கொண்டு செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன். ஊஞ்சல் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் சங்கிலியில் மயில் வைப்பதா யானை வைப்பதா என்ற இடத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள் என்பதால், அந்த வடிவமைப்பில் எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளிலும் தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் ஊஞ்சலில் உட்கார்ந்தவர்களுக்கு, அந்த ஆட்டத்தின் நிதானம் நினைவிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் போட்ட ஊஞ்சலில் அது வருவதில்லை. சங்கிலியும் பலகையும் அதே தரமாக இருந்தாலும் ஆட்டம் கொஞ்சம் படபடப்பாகவே இருக்கும். இதற்குக் காரணம் பள்ளியில் படித்த ஊசல் விதிதான். ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஆடுபவரின் எடை தீர்மானிப்பதில்லை. தொங்கும் நீளத்தின் வர்க்கமூலம்தான் தீர்மானிக்கிறது. பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது என்றும், உட்கார்ந்திருப்பவரின் எடைமையம் பலகைக்கு முக்கால் அடி மேலே இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 14 அடிக் கூரையில் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 3.8 நொடி ஆகும். 10 அடிக் கூரையில் அது 3.1 நொடியாகவும், 9 அடியில் 2.9 நொடியாகவும் குறைந்துவிடும். தாளில் சிறிய வித்தியாசமாகத் தெரிந்தாலும் உடம்புக்கு அது நன்றாகவே தெரியும். எங்கள் கூடத்தின் கூரை 10 அடி என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஊஞ்சலுக்காக அதை உயர்த்தச் சொல்லும் அளவுக்கு வீட்டில் எனக்குச் செல்வாக்கு இல்லை. ஆகவே மூன்று நொடி ஆட்டம் என்று ஒப்புக்கொண்டு மேலே போனேன்.

சங்கிலியின் நீளம் தெரிந்தால் ஊஞ்சல் கேட்கும் இடமும் தெரிந்துவிடும். எட்டரை அடிச் சங்கிலி, செங்குத்திலிருந்து 30 பாகை வரை ஆடினால், பலகையின் நடு முன்னும் பின்னும் நாலேகால் அடி போய்வரும். அதோடு பலகையின் பாதி அகலத்தையும், முன்னால் நீட்டிய கால்களையும் சேர்த்தால் மொத்தம் 12 அடி தேவைப்படும். 15 பாகையோடு நிறுத்திக்கொண்டால் எட்டு அடி போதும். கூடத்து ஊஞ்சலில் பெரியவர்கள் ஆடுவது இந்த இரண்டாவது அளவுக்குள்தான் என்றாலும், பிள்ளைகள் கையில் அகப்பட்டால் முதல் அளவு வந்துவிடும் என்று வைத்துத்தான் சுவரையும் சன்னலையும் பார்க்க வேண்டும். மின்விசிறியையும் அப்போதே நகர்த்திவிட வேண்டும். பலகையின்மேல் ஏறி நின்று ஆடும் சிறுவனின் கை எதுவரை எட்டும் என்பதை வயரிங் செய்பவர் யோசித்துப் பார்க்க மாட்டார்.

பழைய வீடுகளில் ஊஞ்சல் கொக்கியை உத்திரத்தில் மாட்டினார்கள். மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய செங்கல், சுண்ணாம்புக் கூரையில் நெருக்கமாக ஓடும் தேக்குக் கட்டைகளும், அவற்றைத் தாங்கும் பெரிய உத்திரமும் இருந்ததால், பாரத்தை எங்கே தொங்கவிடுவது என்ற கேள்வியே எழவில்லை. கான்கிரீட் கூரையில் அந்தக் கேள்வியைத் தளம் போடுவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். வார்த்து முடித்த தளத்தில் துளையிட்டு ஆணி இறுக்குவதும் நடைமுறையில் உண்டு. ஆனால் கீழ்நோக்கியே இழுபடும், அதுவும் விட்டுவிட்டு இழுபடும் பாரத்தை அந்தப் பிடிமானத்தை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் செய்தது இதுதான்: வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பியை நடுவில் வளையமாக வளைத்து, அதன் இரு கைகளும் தளத்தின் கம்பி வலைமேல் படுத்திருக்குமாறு கட்டி, வளையம் மட்டும் கீழே தொங்க கான்கிரீட் போட்டோம். முறுக்குக் கம்பியைச் சிறிய வளைவாக மடக்கினால் மடிப்பில் வெடிப்பு விழ வாய்ப்புண்டு என்பதால் அதைத் தவிர்த்தோம். பீமுக்கு அருகில் கொக்கிகள் வரும்படி ஊஞ்சலின் இடத்தை ஓர் அடி தள்ளிக்கொள்ளச் சொன்னவர் எங்கள் பொறியாளர். அவர் சொன்னபடியே வரைபடத்தை மாற்றினேன்.

கொக்கிகள் இரண்டா, நான்கா? பலரும் வசதியைப் பார்த்தோ கடைக்காரர் சொல்வதைக் கேட்டோ முடிவு செய்யும் இந்த விஷயம்தான், என் பார்வையில், ஊஞ்சலின் குணத்தையே மாற்றுவது. இரு கொக்கி முறையில் ஒரு பக்கத்தின் முன் சங்கிலியும் பின் சங்கிலியும் மேலே ஒரே கொக்கியில் சேர்கின்றன. ஊஞ்சல் முன்னே போகும்போது பலகையும் சங்கிலிகளோடு சேர்ந்து சாய்ந்து முன் விளிம்பு உயர்கிறது. பின்னே வரும்போது பின் விளிம்பு உயர்கிறது. உட்கார்ந்திருப்பவரைப் பலகை எப்போதும் தன்மேல் அழுத்தியே வைத்திருக்கும் என்பதால் எவ்வளவு வீசி ஆடினாலும் நழுவும் உணர்வு வராது. நான்கு கொக்கி முறையில், பலகைத் துளைகளுக்கு நேர் மேலே, அதே இடைவெளியில் கொக்கிகள் இருப்பதால் சங்கிலிகள் ஒன்றுக்கொன்று இணையாகவே நகர்கின்றன. பலகை சாய்வதே இல்லை. தரைக்கு இணையாகவே போய்வருகிறது. அப்படியானால் முன் எல்லையில் உடல் முன்னாலும், பின் எல்லையில் பின்னாலும் நழுவப் பார்க்கும். மெல்ல ஆடும்போது இது தெரியாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பாலிஷ் போட்ட பலகையில், யாரோ பின்னாலிருந்து வேகமாகத் தள்ளிவிட்டால் தெரியும்.

இதை மட்டும் கேட்டால் இரு கொக்கியே மேல் என்று தோன்றும். ஆனால் ஊஞ்சலில் ஆடும் நேரத்தை விட, அதில் உட்காரும் நேரமும் எழுந்திருக்கும் நேரமும்தான் முதியவர்களுக்குச் சிக்கலானவை. இரு கொக்கி ஊஞ்சலின் முன் விளிம்பில் ஒருவர் அமர்ந்தவுடன் அந்த விளிம்பு தாழ்ந்து பலகை பின்னே நகரும். முழங்கால் வலி உள்ளவர் அந்த நொடியில் பிடிக்கு அலைவார். நான்கு கொக்கி ஊஞ்சல் நகர்ந்தாலும் கவிழ்ந்து கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் அதில் அதிக நேரம் உட்காரப் போகிறவர் என் அம்மா. காய் நறுக்குவது, செய்தித்தாள் படிப்பது, சாப்பிட்ட பிறகு காலை மடக்கிச் சற்றுச் சாய்வது எல்லாம் அதில்தான் நடக்கும் என்பது தெரிந்ததால், நான்கு கொக்கி என்று முடிவு செய்தேன். வீசி ஆட விரும்பும் பிள்ளைகளுக்குப் பூங்கா இருக்கிறது.

நான்கு சங்கிலி என்றவுடன் பாரம் நான்காகப் பிரிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. சமதளமில்லாத தரையில் வைத்த நாற்கால் மேசை எப்படி எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டில் நின்றுகொண்டு ஆடுமோ, அதேபோல நான்கில் ஒரு சங்கிலி சிறிதளவு நீளமாக இருந்தாலும் எதிரெதிர் மூலைச் சங்கிலிகள் இரண்டே ஏறக்குறைய முழுப் பாரத்தையும் சுமக்கும். ஒருவர் பலகையின் ஓரமாக உட்கார்ந்தால் அவருடைய எடையில் நான்கில் மூன்று பங்கு அந்தப் பக்கத்துக்கே போய்விடும். ஆடும்போது பாரம் இன்னும் கூடும்: 30 பாகை ஆட்டத்தில், அடிப்புள்ளியைக் கடக்கும் நேரத்தில் சங்கிலியின் இழுவை நிலையான எடையைப் போல 1.27 மடங்கு, 45 பாகையில் ஏறத்தாழ 1.6 மடங்கு. மூவர் எடை, பலகை, சங்கிலி எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று கொண்டு, அதில் பாதியை ஒரே கொக்கி தாங்க வேண்டியிருக்கும் என்று வைத்து, அதையும் நான்கால் பெருக்கிக்கொண்டேன். ஆக ஒவ்வொரு கொக்கியும் ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனியே 500 கிலோவைத் தாங்க வேண்டும் என்பதுதான் வரைபடத்தில் நான் எழுதிய எண். பித்தளை முலாம் பூசிய அலங்காரச் சங்கிலிகளில் பூ வேலைப்பாட்டுக்கு நடுவே மெல்லிய கம்பிதான் பாரம் தாங்குகிறது. யானையும் கிளியும் எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தக் கம்பியின் விட்டத்தையும், வளையம் பற்றவைத்த இடத்தையும் பார்த்து வாங்குவதே முறை.

இதற்கெல்லாம் பிறகுதான் மரம். ஊஞ்சல் பலகைக்குத் தேக்கையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெருமை அன்று, அதன் அடக்கம். காற்றின் ஈரத்துக்கேற்ப எல்லா மரங்களும் அகலவாக்கில் விரிந்து சுருங்கும் என்றாலும், தேக்கு மற்றவற்றைவிடக் குறைவாகவே அசையும். இயற்கையான எண்ணெய்ப்பசை இருப்பதால் கரையானும் எளிதில் அண்டாது. வேங்கை வலுவில் குறைந்ததன்று. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும், வெள்ளை வேட்டியோடு உட்காரும் பலகைக்கு அது ஆகாது. பலா நல்ல மரம். புதிதில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் படப்படப் பழுப்பேறும் அதன் நிறம் எனக்கு மிகவும் பிடிக்கும். நாங்கள் தேடிய நேரத்தில் நன்கு காய்ந்த, நீளமான பலாப் பலகை கிடைக்கவில்லை. 2014 ஏப்ரலில் மியான்மர் முழு மரங்களை ஏற்றுமதி செய்வதை நிறுத்திய பிறகு பர்மா தேக்கு என்ற பெயர் கடைகளில் இன்னும் தாராளமாகப் புழங்கினாலும், இன்று நம் மரக்கடைகளுக்கு வரும் தேக்கில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்க்கப்பட்டது. ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்குவதில் பயனில்லை. வைரம் என்னும் முற்றிய உட்பகுதி எவ்வளவு, வெளிறிய வெள்ளைப் பகுதி எவ்வளவு, கணு எங்கே விழுகிறது, உள்வரை காய்ந்திருக்கிறதா என்று பலகை பலகையாகப் புரட்டிப் பார்த்தோம். சங்கிலித் துளை வரப்போகும் முனைகளில் கணு இருந்த பலகைகளைத் தச்சர் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒதுக்கினார்.

பலகையின் அளவு ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். மூவர் காலைத் தொங்கவிட்டு உட்காரவும், ஒருவர் சம்மணமிட்டு உட்காரவும் இது போதும். காலை நீட்டிப் படுக்க ஆறடி வேண்டும். அதற்குக் கூடத்தில் இடமில்லை. கனத்தைப் பற்றித்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிக்கேற்ப உயரும். ஒன்றரை அங்குலத்தை இரண்டாக்கினால் மரம் மூன்றில் ஒரு பங்கு கூடும், விறைப்போ இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆகிவிடும். மூவரின் பாரமும் நடுவில் விழுந்தால் ஒன்றரை அங்குலப் பலகை 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தொய்யும். இரண்டு அங்குலப் பலகை அதில் பாதிகூடத் தொய்யாது. நான்கு மில்லிமீட்டரால் பலகை முறிந்துவிடப் போவதில்லை. ஆனாலும் உட்கார்ந்தவுடன் கீழே இளகும் ஊஞ்சலை யாரும் நம்பி உட்கார மாட்டார்கள். இழைத்து முடித்த பின் இரண்டு அங்குலம் நிற்க வேண்டும் என்பதால் இரண்டே கால் அங்குலமாக அறுக்கச் சொன்னோம். முடிந்த பலகை ஒன்றே முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. எடை 31 கிலோவை ஒட்டி வரும். ஊஞ்சல் நிதானமாக ஆட இந்த எடையும் ஒரு துணை. பலகை இலேசாக இருந்தால் ஒருவர் எழுந்த கணத்தில் அது தாறுமாறாக அலைந்து காலில் இடிக்கும்.

இரண்டடி அகலத்துக்கு ஒரே பலகை வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு அகலத்தை ஒரே அறுப்பில் தரக்கூடிய பருமனான மரம் இன்று அரிது. கிடைத்தாலும் நடுத்தண்டை ஒட்டிய பகுதி அதில் வந்துவிட்டால் வெடிப்பு நிச்சயம், இல்லையென்றாலும் காலப்போக்கில் குறுக்காகக் குழிந்துகொள்ளும். நான்கு பலகைகளை நாக்கும் காடியுமாகச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ரேகைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி பலகைகளை முன்பின் மாற்றி அடுக்கி, தரையில் போட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்துத் தச்சர் வரிசையை முடிவு செய்தார். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு விளிம்பையும் தின்னரால் துடைத்தார்; தேக்கின் எண்ணெய்ப்பசை மேலே இருந்தால் பசை பிடிக்காது.

சேர்த்த பலகை வளையாமல் இருக்க அடியில் குறுக்குச் சட்டம் வேண்டும். இங்கேதான் பெரும்பாலான ஊஞ்சல்கள் பிழைக்கின்றன, அல்லது கெடுகின்றன. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே மரத்தின் ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினால், இரண்டடி அகலத் தேக்குப் பலகை அகலவாக்கில் நாலரை மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. குறுக்குச் சட்டத்தின் ஓட்டம், அதாவது மர நார் போகும் திசை, பலகையின் ஓட்டத்துக்குக் குறுக்காக இருப்பதால் அது பலகையோடு சேர்ந்து விரியாது. அதை முழு நீளத்துக்கும் பசை போட்டு ஆணியடித்து இறுக்கினால், சுருங்க இடமில்லாத பலகை பிளந்தே தீரும். நாங்கள் பலகையின் அடியில் வாய் குறுகி உள்ளே அகன்ற டவ்டெயில் காடி எடுத்து, சட்டத்தைப் பக்கவாட்டில் நுழைத்து, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பசையிட்டோம். மற்ற இடங்களில் பலகை சட்டத்தின்மேல் வழுக்கிக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் பல ஊஞ்சல்களில் பலகையைச் சுற்றி நான்கு பக்கமும் சட்டமடித்து, மூலைகளை 45 பாகையில் வெட்டிச் சேர்த்திருப்பார்கள். பார்க்க அழகுதான். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அந்த மூலைகளில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருப்பதையும் பார்க்கலாம்.

சங்கிலியைப் பலகையோடு சேர்ப்பதிலும் இதே விதிதான். பலகையின் மேற்பரப்பில் வளையத்தைத் திருகி அதில் சங்கிலியை மாட்டினால், திருகின் மரைகள் மரத்தைக் கவ்வியிருப்பதை மட்டுமே முழுப் பாரமும் நம்பியிருக்கும். அதற்குப் பதிலாக, கம்பி பலகையை ஊடுருவிக் கீழே போய், அங்கே ஓர் இரும்புப் பட்டையில் நட்டால் முடிய வேண்டும். அப்போது பலகை பட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும், எதையும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. துளைகளை முனையிலிருந்து நான்கு அங்குலமும் நீள விளிம்பிலிருந்து மூன்று அங்குலமும் உள்ளே தள்ளி வைத்தேன். முனைக்கு மிக அருகில் வைத்தால் ஓட்டத்தின் வழியே மரம் பிளந்துகொள்ளும். ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை, ஒரு முனையின் இரு துளைகளையும் குறுக்காக இணைக்கிறது. என் வரைபடத்தில் அந்தப் பட்டையின் இரு துளைகளும் வட்டமாக இருந்ததைத் தச்சர் பார்த்துவிட்டு, “ஒரு ஓட்டைய நீளவாட்டுல போடச் சொல்லுங்க தம்பி, இல்லன்னா சித்திரையில பலகை வாய் பொளந்துக்கும்” என்றார். குறுக்குச் சட்டத்துக்குச் சொன்ன கணக்கு இரும்புக்கும் பொருந்தும் என்பதை அவர் எண்ணில்லாமலே சொல்லிவிட்டார். இரு துளைகளுக்கு நடுவே 18 அங்குலம். மரம் அங்கே மூன்றரை மில்லிமீட்டர் அசையக்கூடும். பட்டறையில் ஒரு துளையை அந்த அளவுக்கு நீளமாக்கி வாங்கினோம்.

உயரத்தை 17 அங்குலமாக வைத்தோம். பாதம் முழுதாகத் தரையில் படிந்தால்தான் உந்திவிடவும் நிறுத்தவும் முடியும். அதே சமயம் ஆடும்போது காலைச் சற்றே தூக்கினால் தரையில் உரசாமல் போக வேண்டும். மெத்தை போடுவதாக இருந்தால் அதன் கனத்தை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். தொடையின் பின்புறம் அழுந்தும் முன் விளிம்பை அரை அங்குல ஆரத்துக்கு உருட்டச் சொன்னேன். இழைப்புளியால் மூலையைச் சீவிச் சீவி உருட்டிய அந்த விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினால் எந்த இடத்தில் வளைவு தொடங்குகிறது என்பதே தெரியாது. இயந்திரத்தில் ஓட்டிய விளிம்பில் அந்த இடம் ஒரு கோடாகக் கைக்குத் தட்டுப்படும். சாய்மானம் வேண்டும் என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. ஒரு பக்கம் சாய்மானம் வைத்தால் சம்மணமிட இடம் குறையும், மறுபக்கமிருந்து உட்கார முடியாது, பலகையின் எடையும் பின்னால் சரியும். கூடத்தின் இருபுறமும் பார்த்து உட்காரலாம் என்பதே ஊஞ்சலின் தனி வசதி. அதை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. தலையணைதான் சாய்மானம்.

பூச்சில் கண்ணாடி போல மின்னும் மெலமைன் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஏற்கெனவே சொன்ன நழுவல் ஒரு காரணம். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது என்பது இன்னொன்று. ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பலமுறை தேய்த்து, ஒவ்வொன்றும் காய்ந்த பின் நுண்ணிய உப்புத்தாளால் தடவி முடித்தோம். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெயிலில் காயப்போட்ட பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

கொக்கியும் வளையமும் உராயும் இடத்தில் இரும்பு இரும்பைத் தின்னும். கிரீச்சென்ற சத்தத்தைச் சிலர் ஊஞ்சலின் அழகாகச் சொல்வார்கள். எனக்கு அது தேய்மானத்தின் கணக்காகவே கேட்கிறது. கொக்கியில் தொங்கும் வளையத்துக்குப் பதிலாக பேரிங் வைத்த தொங்கியை மாட்டினால் சத்தமும் போகும், தேய்மானமும் பெரும்பாலும் போகும். பலகைக்கு மேலே, சங்கிலியின் கடைசிக் கண்ணியில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மரையை நான்கு பக்கமும் வைத்தோம். நான்கு சங்கிலியும் சமமாகப் பாரம் ஏற்கின்றனவா என்று பார்க்க அதுதான் வழி: ஒருவர் நடுவில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு சங்கிலியையும் விரலால் சுண்டிப் பார்த்து, தளர்ந்ததை மட்டும் ஒரு சுற்று இறுக்க வேண்டும். விசேஷத்துக்காகக் கூடத்தைக் காலிசெய்ய நேர்ந்தால், அந்த மரைக்குக் கீழே பலகையை மட்டும் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம். தூக்க இரண்டு பேர் வேண்டும்.